தாளம் கேட்டால் கால் நகரும்

பார்க்கின்சன் வந்தவருக்கு அடி குறுகும், பாதம் தரையில் உரசும், நிலைப்படி வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். நடைக்கு உள்ளிருந்து தாளம் கொடுக்கும் மூளைப் பகுதி தளர்வதே முக்கியக் காரணம். அந்தத் தாளத்தை வெளியிலிருந்து காது வழியே கொடுத்தால் பலருக்கு அடி நீள்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழுவினர் 1996-லேயே 3 வாரப் பயிற்சியில் இதைக் காட்டினார்கள்.

முதலில், நோயாளி இயல்பாக நடக்கையில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 90 என்றால் செல்போனில் மெட்ரோனோம் செயலியை 90-ல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு அடி. குதிகால் முதலில் ஊன்ற வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு 95.

செயலி பிடிக்கவில்லையா? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளையின் ஊரான புதுக்கோட்டையில் தாளத்துக்கா பஞ்சம்! பக்கத்தில் ஒருவர் சீராகக் கைதட்டினாலே போதும். ஆதி தாளம் சரி. மிஸ்ர சாபு கேட்க எவ்வளவு சுகமானாலும் நடைக்கு ஆகாது. மூன்றும் நாலுமாகப் பிரிந்து காலைக் குழப்பும்.

கால் உறைந்து நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பை இடமும் வலமும் லேசாக அசைத்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணி, மூணில் அடி எடுக்கட்டும். அடிக்கடி உறைபவருக்கு வேகத்தைக் கூட்டக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவே சரி. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும்.

பார்க்கின்சன் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், வீட்டுக் கூடத்தில், துணையோடு பயிற்சி நடக்கட்டும். கீழராஜ வீதி போன்ற நெரிசலான தெருவில் இயர்போன் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்காது.