ராம்பிளுக்குப் போகும் கயலுக்கு

கயல் கண்ணு,

சென்ட்ரல் பார்க்கில் நீ எடுத்த குருவிப் படங்கள் வந்தன. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவைக் காட்டினால் ஐஸ் வண்டியைத் தேடிய பிள்ளை, இப்போது விடிகாலையில் எழுந்து குருவி பார்க்கப் போகிறாளாம்! பெரியம்மாவுக்குச் சந்தோஷம்தான். கூடவே கவலையும்.

மே மாதம் அந்தப் பூங்காவின் மரம் அடர்ந்த ராம்பிள் பகுதியில் வலசைக் குருவிகள் இறங்கும். இரவெல்லாம் பறந்த களைப்போடு, கட்டடங்களுக்கு நடுவே தெரியும் அந்தப் பச்சையில் இரை தேடும். காலைதான் நல்ல நேரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 35 ஏக்கருக்கு மேல் வளைந்து வளைந்து போகும் பாதைகள். பத்தடி தள்ளி நிற்கிற ஆளை மரம் மறைத்துவிடும். பூங்கா 6 மணிக்குத் திறந்தாலும் நீ அவசரப்படாதே. வெளிச்சம் வந்து, நாலு பேர் பைனாகுலரோடு நடமாடும்போது உள்ளே போ.

பைனாகுலர் கண்ணில் இருக்கும்வரை முதுகுப்பக்கம் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. தூக்குமுன் ஒரு தடவை சுற்றிப் பார், இறக்கியதும் ஒரு தடவை. இயர்போனைப் பையில் போடு. குருவி இருக்கும் இடத்தை முதலில் சொல்வதே காதுதானே!

அங்குள்ள விளக்குக் கம்பங்களில் நாலு இலக்க எண் இருக்கும். 77 என்று தொடங்கினால் 77-ஆம் தெருவுக்கு நேர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்கு. 911-ஐ அழைக்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், இடம் தெரிந்துவிடும். கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள். வாய்ப்பாடு சொல்ல அழுத மாதிரி இதற்கும் அழாதே.

இன்னொரு கவலையும் உண்டு. ராம்பிளில் நாயைக் கட்டித்தான் கூட்டிவர வேண்டும். 2020 மே 25 அன்று நாயைக் கட்டாமல் விட்டிருந்த ஒரு பெண்ணிடம் அதை எடுத்துச் சொன்ன கிறிஸ்டியன் கூப்பர் கறுப்பினத்தவர், பறவை பார்க்க வந்தவர். அந்தப் பெண்ணோ போலீஸை அழைத்து, அவர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். கூப்பர் நிதானமாக நின்று கைப்பேசியில் படமெடுத்தார். அவர் கேட்டது முழு நியாயம். ஆனாலும் நிறத்தைப் பார்த்துப் பழி போடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் நீ தனியாக நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். ஆள் நடமாட்டமுள்ள பெரிய பாதைக்கு வந்துவிடு. தவறவிட்ட குருவி செப்டம்பரில் தெற்கே திரும்பும்போது மறுபடி இறங்கும்.

எந்தப் பக்கம் போகிறாய் என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுப் போ. திரும்பியதும் எனக்கு ஒரு வரி அனுப்பு. உனக்குக் காலை 6 என்றால் இங்கே பிற்பகல் 3:30. போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன்
பெரியம்மா