மிரளும் மீன்களும் முதலுதவியும்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



"மீனுக்கு அடிபடுமா?" என்று கேட்டால் நம்மில் பலர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஒரு நாள் இரவு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. 'டொம்'மென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டு சில்வர் ஷார்க் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் துண்டால் துடைத்து, தொட்டியில் போட்டேன். நான்காம் நாள் உடம்பெல்லாம் பஞ்சு படர்ந்து இறந்துபோனது. அதைக் கொன்றது துள்ளல் அல்ல, என் துண்டுதான் என்று பிறகுதான் புரிந்தது. அந்தத் தவறை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஏன் மிரள்கிறது?

சில்வர் ஷார்க் பெயரில்தான் சுறா. உண்மையில் அது கெண்டை இனம். தாயகம் மலேயா, சுமத்ரா, போர்னியோ ஆறுகள். கெண்டை இனங்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையையும் இணைக்கும் சிறு எலும்புத் தொடர் ஒன்று உண்டு. ஆகவே காது மிகக் கூர்மை. போதாததற்கு, உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் சிறு அசைவையும் உணரும். மூளையின் பின்பகுதியில் மாத்னர் செல் எனப்படும் இரண்டு பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஆபத்து என்று தோன்றிய மாத்திரத்தில், நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் உடல் வில்லாக வளைந்து மீன் பாய்ந்துவிடும். யோசித்துப் பாய்வதில்லை. ஆற்றில் இது உயிர் காக்கும் வித்தை. மூன்றடித் தொட்டியிலோ பிரேக் பிடிக்க இடம் ஏது? நேராகக் கண்ணாடியில்தான் மோத வேண்டும்.

இங்கே நம் பாடமும் வருகிறது. ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நீரிலோ சுமார் 1,500 மீட்டர். ஆனால் காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடியைத் தட்டினாலோ, ஸ்டாண்டில் இடித்தாலோ அந்த அதிர்வு நேராக நீருக்குள் இறங்கிவிடும். ஆகவே பக்கத்தில் பேசுவதைவிட விரலால் தட்டுவதே பெரிய கொடுமை. வெளிச்சமும் அப்படித்தான். மீனுக்கு இமை கிடையாது. திடீர் ஒளிக்குக் கண்ணை மூடிக்கொள்ள அதனால் முடியாது.

வருமுன் காப்போம்

1. தொட்டியைக் கதவு, ஸ்பீக்கர், இரும்பு பீரோ பக்கத்தில் வைக்காதீர்கள். அடியில் தெர்மோகோல் அட்டை போட்டால் அதிர்வு குறையும்.

2. பின்புறமும் இரு பக்கமும் கருநீலத் தாள் ஒட்டுங்கள். எங்கே சுவர் என்று மீனுக்குத் தெரிய வேண்டும்.

3. முதலில் அறை விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தலைகீழ் வரிசை. கரண்ட் போனால் தொட்டி விளக்கின் சுவிட்சை உடனே 'ஆஃப்' செய்துவிடுங்கள். நான் செய்யாதது இதுதான்.

4. இடைவெளி இல்லாத மூடி அவசியம்.

5. கூரான கல், சிப்பி, பொம்மை வேண்டாம். ஒதுங்க ஒரு மூலையில் செடி இருக்கட்டும். நடுவில் நீந்த இடம் விடுங்கள்.

6. இது கூட்டமாக வாழும் மீன். தனியாக இருந்தால் பயம் அதிகம், ஐந்தாவது வேண்டும். வளர்ந்தால் ஓரடிக்கு மேல் நீளும் என்பதால் ஆறடிக்குக் குறைந்த தொட்டி போதாது. இடமில்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே அந்த மீனுக்குச் செய்யும் பெரிய உதவி.

7. வலையால் துரத்தாதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து வைத்து மெல்ல ஓட்டிப் பிடியுங்கள்.

அடிபட்டுவிட்டால்?

தரையில் விழுந்த மீனை ஈரக் கையால்தான் தூக்க வேண்டும். அதன் மேலுள்ள வழவழப்புதான் கிருமியைத் தடுக்கும் கவசம். துணியால் துடைத்தால் கவசம் போயிற்று! தூசியைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி விடுங்கள். தொங்கும் செதிலைப் பிடுங்காதீர்கள். போன செதில் சில வாரங்களில் முளைக்கும். விளக்கை அணைத்து, காற்றுக்குழாயைக் கொஞ்சம் கூட்டி, அன்று தீனி போடாமல் விடுங்கள்.

மூக்குச் சிராய்ப்பு, கிழிந்த துடுப்பு ஆகியவற்றுக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

அடுத்தது கல்லுப்பு. நன்னீர் மீனின் உடல்நீர் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. ஆகவே காயத்தின் வழியே வெளிநீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் உப்பிட்டால் அந்த வேறுபாடு குறைந்து மீனின் பாரமும் குறையும். 10 லிட்டருக்கு 10 முதல் 30 கிராம் வரை, தனியாகக் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, ஆகவே நீர் மாற்றும்போது, எடுத்த நீருக்கு மட்டும் கணக்கிட்டுச் சேருங்கள். செடிகளுக்கும் கெளுத்தி வகைகளுக்கும் உப்பு ஆகாது. அவை இருந்தால் காயப்பட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

காயத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். தனித்தொட்டியில் மெத்திலீன் புளூவை, புட்டியில் குறித்த அளவுப்படி விடலாம். முதன்மைத் தொட்டியில் விட்டால் பில்டரில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாவும் செத்துவிடும். வாயோரத்தில் பஞ்சு போலப் படர்ந்து வேகமாகப் பரவினால் அது பாக்டீரியா நோயாகவும் இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாமாக ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக் கலக்குவது வேண்டவே வேண்டாம்.

ஒரு கண் மட்டும் வெளிறினால் பெரும்பாலும் அடி. இரண்டு கண்ணும் வெளிறினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

எங்கள் வீட்டில் மீதமிருந்த நான்கு மீன்களை, பெரிய தொட்டி வைத்திருக்கும் உறவினரிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் பார்க்கப் போனபோது பழக்க தோஷத்தில் கண்ணாடியைத் தட்டக் கை நீட்டினேன். உடனே அவருடைய சின்ன மகள், "தட்டாதண்ணா, அதுக்கு வலிக்கும்" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

நண்பர்களே, வாயில்லாப் பிராணி என்று சொல்கிறோம். மீனுக்கு வாய் இருக்கிறது, கத்தத்தான் குரலில்லை. அதற்கும் சேர்த்து நாம்தான் யோசிக்க வேண்டும்.