கொடு என்னும் சொல்



பேசத் தொடங்கும் குழந்தை கையை நீட்டிக் கேட்கும் முதற்சொற்களில் ஒன்று "தா." வளர்ந்தபின் "கொடு" என்கிறோம். நாள்தோறும் நூறு முறை வழங்கும் இச்சொற்களை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

முதலாவது, ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரே பொருள் உடையன போலத் தோன்றும். ஆனால் தொல்காப்பியர், கேட்பவனுடைய நிலையைக்கொண்டு இவற்றைப் பிரித்தார். கேட்பவன் தாழ்ந்தவனாயின் "ஈ" என்பான். ஒத்தவனாயின் "தா" என்பான். உயர்ந்தவனாயின் "கொடு" என்பான். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இவ்விதியையே கூறினார். இன்றைய பேச்சில் இந்த வேற்றுமை மறைந்துவிட்டது. "ஈ" என்னும் வினையும் பேச்சிலிருந்து நீங்கி, "ஈகை" என்ற பெயரிலேயே பெரும்பாலும் வாழ்கிறது. அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், இல்லாதவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்றார். திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பது அவர் கணக்கில் ஈகை ஆகாது.

இன்னொரு விதியும் தொல்காப்பியத்தில் உண்டு. தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுத்தல் படர்க்கைக்கு உரியது. ஆகவே "எனக்குத் தா", "உனக்குத் தருவேன்", "அவனுக்குக் கொடு" என்பதே பழைய மரபு. பள்ளிப் பிள்ளைகள் இதனை மனத்தில் வைப்பார்களாக.

இரண்டாவது, கொடு என்பது முன்னே நிற்கும் பெயருக்கு ஏற்பப் பொருள் மாறும். கை கொடுத்தால் உதவி. காது கொடுத்தால் கவனம். குரல் கொடுத்தால் அழைப்பு. பெண் கொடுத்தால் சம்பந்தம். வாயைக் கொடுத்தால் வம்பு. நற்பேறு பெற்றவரைக் "கொடுத்துவைத்தவர்" என்கிறோம். பெற்றவரைப் பார்த்துக் கொடுத்தவர் என்பது விந்தையன்றோ? முன்னே கொடுத்தவனே பின்னே பெறுவான் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது.

மூன்றாவது, வேறொரு வினையின் பின்னே வந்து சேரும்போது கொடு இன்னும் ஆழமாகிறது. சொல்லிக்கொடுத்தால் கல்வி. காட்டிக்கொடுத்தால் துரோகம். யூதாஸ் செய்தது அதுதான். பிடிக்கவேண்டியவர் இவரே என்று முத்தத்தால் காட்டினான். பகைவர் கையில் கொடுத்தான். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆண்டவரிடம் தாம் பெற்றதை அவர்களுக்குக் கையளித்ததாகச் சொல்கிறார்; ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவையும் அங்கேயே குறிப்பிடுகிறார். கையளித்தல், காட்டிக்கொடுத்தல் ஆகிய இரண்டுக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைதான் நிற்கிறது. தமிழோ இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கிறது.

ஆயினும் ஒரே சொல் நன்மையாகவும் தீமையாகவும் நிற்கும் இடம் தமிழிலும் உண்டு. அது "விட்டுக்கொடு" என்பது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வரப்பில் ஒரு முழ நிலத்துக்காகத் தகராறு. "சரி, நீயே வைத்துக்கொள்" என்று ஒருவர் சொன்னால் அவர் விட்டுக்கொடுத்தார். ஊரார் மெச்சுவர். அதே அண்ணன் கலியாண வீட்டில் பத்துப் பேர் நடுவே, "என் தம்பி எதற்கும் உதவாதவன்" என்று சொல்லிச் சிரித்தால், அப்போதும் விட்டுக்கொடுத்தார். ஆனால் இம்முறை விட்டுக்கொடுத்தது நிலத்தையன்று, தம்பியை. முன்னது உறவைக் காக்கும். பின்னது உறவை அறுக்கும்.

நம் குடும்பங்களில் பல மனத்தாங்கல்கள் இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதால் வருகின்றன. வீட்டுக்குள் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. வெளியார் முன்னிலையிலோ மனைவியையும் மகனையும் மருமகளையும் எளிதில் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். விருந்தினர் முன் மகனுடைய மதிப்பெண்ணைச் சொல்லி நகைக்கும் தகப்பனார், தலைகுனிந்து நிற்கும் அப்பிள்ளையின் முகத்தை ஒருகணம் பார்த்தால் போதும், இலக்கணம் விளங்கிவிடும். பொருளை விட்டுக்கொடுங்கள், பிடிவாதத்தை விட்டுக்கொடுங்கள், ஆளை விட்டுக்கொடாதீர்கள்.

இவ்வாரப் பயிற்சி: கொடு என்று முடியும் சொற்றொடர்கள் பத்து எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் பிள்ளைகள் வீட்டில் சொல்லிக்காட்டட்டும். பெரியவர்களுக்கு இரண்டே கேள்விகள்: சென்ற வாரம் நாம் எதை விட்டுக்கொடுத்தோம்? யாரை விட்டுக்கொடுத்தோம்?