மேகம் ஏறுவதற்குள்

அன்புள்ள கண்ணா,

ரீயூனியனுக்கு டிக்கெட் போட்டாயிற்று, ஆறு நாளும் கடற்கரை விடுதியில்தான் என்று எழுதியிருந்தாய். கடலுக்கு இரண்டு நாள் போதும். மிச்ச நாளை மலைக்கு வைத்துக்கொள்.

நீ அனுப்பிய வரைபடத்தில் தீவின் நடுவே மூன்று பெரும் பள்ளங்களை எரிமலை வாய் என்று வட்டமிட்டிருந்தாய். அவை எரிமலை வாய் அல்ல. 3,070 மீட்டர் உயர பித்தோன் தெ நேஜ் என்ற கிழட்டு எரிமலை ஏறக்குறைய 12,000 ஆண்டுகளாகத் தூங்குகிறது. அதன் பக்கங்கள் சரிந்து, மழை அரித்து அரித்து விழுந்த பள்ளங்கள்தான் சலாசி, சிலாவோஸ், மஃபாத் மூன்றும். மழை என்றால் சும்மா இல்லை. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மலையிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது, ஏறக்குறைய ஆறடி. இன்னும் நெருப்புக் கக்கும் எரிமலை தென்கிழக்கே தனியாக இருக்கிறது. அதற்கு வேறொரு நாள் போ.

முதலில் மஃபாத். அங்கே சாலையே கிடையாது. நடக்க வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். ஊர்க் கடையின் அரிசியும் கேஸ் சிலிண்டரும் வானத்திலிருந்துதான் இறங்கும். சலாசிப் பக்கத்து மாட்டுக் கணவாயிலிருந்து லா நூவெல் என்ற சிற்றூருக்கு இரண்டு மணி நேர இறக்கம். வழியில் 'தாமரின்' காடு வரும். பெயரைக் கேட்டுப் புளியங்காய் தேடாதே. அது வேல மர இனம். புயலில் சாய்ந்த மரங்கள் சாய்ந்தபடியே வளர்ந்து நிற்கும், கிளையெல்லாம் தாடி போலப் பாசி. சேற்றின் குறுக்கே உருளைக் கட்டைகள் போட்டிருப்பார்கள். ஈரக் கட்டையில் குதிகாலை வைத்தாயோ, உட்கார்ந்துதான் எழுவாய்.

விடிவதற்குள் கிளம்பு. வெயில் ஏற ஏறக் கடலின் ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும். மஃபாத்தை மேலிருந்து பார்க்கும் மைதோ முனைக்கு நான் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டுப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆயிரம் மீட்டர் பள்ளத்துக்குப் பதில் வெள்ளைச் சுவர். கீழே எங்கோ சேவல் கூவியது மட்டும் கேட்டது.

மேகமும் பள்ளமும் தரும் இந்த மறைவுதான் ஒரு காலத்தில் சிலருக்கு உயிர் தந்தது. கரும்பும் காப்பியும் விளைந்த தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இந்தப் பள்ளங்களில்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய மடகாஸ்கர்த் தலைவன் ஒருவனின் பெயர். 1848 டிசம்பர் 20-ல் அடிமைமுறை ஒழிந்தது. பிறகு கரும்புக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்கள் வழிவந்தோரை அங்கே 'மலபார்' என்பார்கள். தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போய் நிற்காதே. வீட்டில் பேசுவது கிரியோல். கோயிலில் தீமிதி மட்டும் விடவில்லை.

சலாசியில் வேலியெல்லாம் ஒரு கொடி படர்ந்திருக்கும். அங்கே அதற்கு 'ஷுஷு' என்று பெயர். கிட்டப் போய்ப் பார், நம் சௌசௌதான்! கொழுந்தைக் கீரையாகச் சமைப்பார்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடு.

திரும்பும்போது சிலாவோஸில் எனக்கு ஒரு கிலோ பருப்பு வாங்கி வா. சின்னதாய், பழுப்பாய் இருக்கும். படிவயலில் கையால் அறுப்பது, விலை கேட்டால் மூச்சு முட்டும். பேரம் பேசாதே. மழைக் கோட்டை மறக்காதே.

அன்புடன்,
சித்தி