கூரைச்சாளரமும் நீர் போகும் வழியும்

வீடு ஒழுகினால் உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். குடம் ஒழுகினால் ஓட்டையை அடைக்கிறோம். ஒழுகுமிடத்தை அடைத்தலே ஒழுக்கிற்கு மருந்தாம் என்பது இளமை முதல் நம் உள்ளத்திற் பதிந்து கிடக்கும் எண்ணம். அவ்வெண்ணம் எல்லாவிடத்தும் பொருந்துவதன்று என்பதைச் சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு பழைய மோட்டார் வண்டி எமக்குக் கற்பித்தது. யாம் பிழை செய்து கற்ற அப்பாடத்தை, பிழை செய்யாமலே பிறர் கற்குமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கடலூரினின்றும் வடலூர் வழியாக விருத்தாசலம் நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ளது குள்ளஞ்சாவடி. நெய்வேலி நகரியம் அதற்குத் தொலைவிலன்று. சுற்றுப்புறமெங்கும் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளுமே மிகுதி. கோடையிற் செம்புழுதி பறக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகீழ்ப் பருவமழை விடாது பெய்யும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கரையேறிய தானே புயல் இப்பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை ஊரார் இன்றும் சொல்லுவர். இத்தகைய புழுதியும் மழையும் உள்ள ஊரில், கூரையில் திறப்புள்ள வண்டியொன்றை எம் தாய்மாமனார் வைத்திருக்கின்றனர்.

அது சப்பானில் செய்யப்பட்டது, இரண்டே கதவுகளையுடையது, தாழ்ந்த உடலும் விரைந்த ஓட்டமும் உடைய பந்தயச் சாயல் வண்டி. அதன் அகவை எம் அகவையினும் மிகுதி. அதன் கூரையில் முன்னும் பின்னும் நகரும் ஒரு தகடு உண்டு. மக்கள் அதனைச் சன்ரூப் என்பர். யாம் கூரைச்சாளரம் என வழங்குவோம்.

எம் பிழை

ஐப்பசியின் முதற் பெருமழையில் பாட்டியாரை ஏற்றிக்கொண்டு மாமனார் கடலூரினின்றும் திரும்பினர். குள்ளஞ்சாவடிப் பேருந்து நிறுத்தத்தருகில் ஓர் ஆடு குறுக்கிட, வண்டியை விரைந்து நிறுத்தினர். அப்பொழுது கூரை விளக்கின் பக்கத்திலிருந்து ஒரு சொம்பளவு நீர் பாட்டியாரின் தலைமேற் கொட்டியது. பாட்டியார் சினவவில்லை. “வண்டிக்குள்ளும் மழை பெய்யுமோ?” என்று மட்டும் வினவினர். மாமனாரோ அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

மறுநாள் யாம் கடைக்குச் சென்று சிலிக்கோன் பசைக்குழல் ஒன்றை வாங்கி வந்தோம். தகட்டின் விளிம்பைச் சுற்றியிருந்த இடைவெளி முழுவதையும் அப்பசையால் நிரப்பினோம். இரண்டு நாள் ஒழுக்கு நின்றது. யாமும் பெருமிதம் கொண்டோம். மூன்றாம் நாள் இரவு மழை வலுத்தது. விடியலிற் கதவைத் திறந்தபோது கால்விரிப்பு நாற்றங்கால்போல் நீர் நிரம்பிக் கிடந்தது. இருக்கையின் கீழிருந்த மின்கருவிப் பெட்டி நனைந்தமையால் வண்டி உயிர்பெறவில்லை. “தீபாவளிக்கு முன் இதைப் பழைய இரும்புக்கடையிற் போட்டுவிடுவோம்” என்றனர் மாமனார். இருபதாண்டு பேணிய வண்டியை அவர் அவ்வாறு கூறியது எம் நெஞ்சைச் சுட்டது. அவரை அவ்வாறு கூறச் செய்தது எம் கைவேலையே ஆகலின்.

அவ்வூர்ப் பட்டறையொன்றின் முதியவர் வந்து பார்த்தனர். பசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணீரை ஏன் மறிக்கிறீர்கள்? அது போகும் வழியையல்லவா முதலில் பார்க்க வேண்டும்!” என்றனர். அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்குக் கருவாயிற்று.

கூரைச்சாளரத்தின் அமைப்பு

உலோகத் தகட்டாலாகிய நகரும் கூரையை அமெரிக்க நாட்டு நாஷ் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் தன் வண்டிகளில் அமைத்தது. செர்மனியிற் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டர் என்பார் 1965ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இதற்கெனவே ஒரு தொழில் நிறுவி, அந்நாட்டில் இதனைப் பரப்பினர். இன்று நம் நாட்டுச் சிறு வண்டிகளிலும் இது காணப்படுகின்றது.

தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை மழையை முற்றும் தடுப்பதற்கென்றே அமைந்தது எனப் பலர் கருதுவர். யாமும் அவ்வாறே கருதினோம். உண்மை அஃதன்று. அப்பட்டை காற்றிரைச்சலைக் குறைக்கும். நீரிற் பெரும்பகுதியைத் தள்ளும். எஞ்சியதை உள்ளே விடும். அவ்வாறு புகும் நீருக்கென்றே தகட்டின் கீழே திறப்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. அவ்வாய்க்காலின் மூலைகளில் துளைகளும், துளைகளிலிருந்து மெல்லிய குழாய்களும் உள்ளன. முன்னிரண்டு குழாய்கள் முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களுக்குள்ளும், பின்னிரண்டு குழாய்கள் பின்தூண்களுக்குள்ளும் இறங்கி, சக்கரங்களின் அருகே நீரைத் தரையில் விடும்.

இதனைப் புரிந்துகொள்ள நம் பழைய வீட்டு முற்றத்தை நினைத்தல் போதும். முற்றம் வானம் பார்த்தது. அங்கே மழை விழவே செய்யும். ஆயினும் தாழ்வாரம் நனைவதில்லை. என்னை? முற்றம் தாழ்ந்திருக்க, அதன் மூலையில் உள்ள தூம்பு நீரைத் தெருவிற்குக் கொண்டுபோகின்றது. தூம்பில் சருகு அடைத்தாலன்றோ தாழ்வாரத்தில் நீர் ஏறும்! கூரைச்சாளரமும் ஒரு சிறு முற்றமே. அதன் குழாய்களைத் தூம்பு என்னும் பழஞ்சொல்லால் வழங்குதல் மிகவும் பொருந்தும்.

எம் மாமனாரின் வண்டியில் செம்புழுதியும் வேப்பம்பூவும் மூன்று தூம்புகளை முன்னரே அடைத்திருந்தன. எஞ்சிய ஒன்றையும் யாம் நிரப்பிய பசை வழிந்து சென்று அடைத்துவிட்டது. பசையிட்ட பின் ஒழுக்கு மிகுந்ததன் காரணம் இதுவே.

நோயின் குறிகள்

நீர் எவ்விடத்திற் சொட்டுகின்றதோ அவ்விடத்திலேயே ஓட்டை உளதெனக் கொள்ளலாகாது. வண்டியை நிறுத்துங்கால் கூரை விளக்கின் வழியாகவோ வெயில் மறைப்பின் வழியாகவோ நீர் பாய்ந்தால், வாய்க்காலில் நீர் தேங்கியுள்ளது என்பது பொருள். கால்விரிப்பு மட்டும் நனைந்து மேற்புறம் உலர்ந்திருப்பின், தூணுக்குள் குழாய் கழன்றோ வெடித்தோ இருத்தல் கூடும். மழையில்லாத நாளிலும் முன்விரிப்பு நனையுமாயின், குளிர்சாதனத்தின் வடிகுழாயை ஐயுறுக. முன்கண்ணாடிப் பட்டையும் வானொலிக் கம்பியின் அடியும் சிலபோது இவ்வாறே ஏமாற்றும்.

சோதனையும் செப்பமும்

முதலாவதாக மின்கலத்தின் இணைப்பை நீக்குக. தூண்களில் காற்றுப்பை உள்ள வண்டியாயின் அதன் உறையைத் தேர்ந்தவரன்றிப் பிறர் தொடலாகாது.

அடுத்து, கூரைத் தகட்டைத் திறந்து வாய்க்காலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எமக்கு இதுவே கடினமான வேலையாயிற்று. யாம் இட்ட பசையைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுக்க ஒரு பகல் முழுவதும் சென்றது. பின்னர், ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றுக. ஒருவர் ஊற்ற, மற்றொருவர் சக்கரத்தருகே குனிந்து பார்த்தல் நலம். நீர் உடனே வெளிவரின் தூம்பு திறந்துள்ளது. சொட்டுச் சொட்டாக வரின் பாதி அடைபட்டது. வாய்க்காலிலேயே நின்றால் முழுதும் அடைபட்டது. வாய்க்காலினின்று மறைந்தும் வெளியே வாராதாயின் குழாய் உள்ளே கழன்றது.

அடைப்பை நீக்க இரும்புக் கம்பியைச் செலுத்துவோர் பலர். அது பழங்குழாயைத் துளைத்துவிடும். பட்டறை முதியவர் கடலூர்த் துறையில் மீன்பிடிப்போர் வாங்கும் தடித்த நைலான் நரம்பைக் கொண்டுவந்தனர். அதன் நுனியைத் தீயிற் காட்டி உருண்டையாக்கிக் கொண்டு, மெல்லத் திருகித் திருகி உள்ளே செலுத்தினர். செஞ்சேறு கீழே வழிந்தது. காற்றழுத்தியை மிக்க வலிவுடன் ஊதுதலும் தீது; குழாய் மேலிணைப்பினின்று கழன்று, பின்னர் கூரைத்துணியைப் பிரிக்க நேரும். குழாயின் கடைவாயில் புழுதி புகாதபடி ரப்பர் மடல் வைத்த வண்டிகளும் உண்டு. அம்மடலே சேறு தங்கும் இடமாதலின் அதனையும் கழுவ வேண்டும்.

தூம்பு திறந்த பின்னரே ரப்பர்ப் பட்டையைக் கவனித்தல் முறை. அதனைச் சோப்பு நீரால் துடைத்துச் சிலிக்கோன் மசகை மெலிதாகப் பூசுக. எஞ்சின் எண்ணெய் ரப்பரை ஊதச் செய்யுமாதலின் விலக்குக. பட்டை இறுகப் பொருந்துகின்றதா என்பதை அறிய ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துத் தகட்டை மூடி இழுத்துப் பார்க்கலாம்; எளிதில் வந்துவிடின் அவ்விடம் தளர்ந்துள்ளது. தகட்டின் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ 1 மில்லிமீட்டர் தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ அவ்வளவே உயர்ந்தோ இருத்தல் பொதுவிதி.

நனைந்த விரிப்பை வண்டிக்குள்ளேயே உலரவிடுதல் பெரும்பிழை. அதன் அடிப்பஞ்சு பல நாள் நீரைத் தேக்கித் தரைத்தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலின் இருக்கையை எடுத்து, விரிப்பையும் பஞ்சையும் வெயிலிற் காயவைத்தோம். மின்கருவிப் பெட்டியையும் முதியவர் திறந்து உலர்த்தினர்; ஐந்தாம் நாள் வண்டி உயிர்பெற்றது.

நிலத்திற்கும் இதுவே நெறி

இந்நெறி வண்டிக்கு மட்டும் உரியதன்று. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் 1961ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரியைக் கண்டது. அந்நிலக்கரிப் படுகையின் அடியில் மிக்க அழுத்தத்தோடு நீர் நிற்கின்றது. அதனை அடைத்து நிறுத்துதல் மனிதரால் ஆவதன்று. ஆதலின் ஆழ்குழாய்களால் நீரை இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தே சுரங்கத்தைக் காக்கின்றனர். நம் முன்னோரும் ஏரிக்குக் கரை மட்டும் கட்டி அமையவில்லை. மிகுநீர் செல்லக் கலிங்கும் வகுத்தனர். கலிங்கை மறந்த ஏரியின் கரை எவ்வளவு உயர்ந்ததாயினும் ஒருநாள் உடையும்.

முடிவுரை

ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும், வேம்பு பூத்து உதிர்ந்த பின் ஒருமுறையும் தூம்புகளில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தால், இத்துன்பத்திற் பெரும்பகுதி நேராது. எம் மாமனாரின் வண்டியில் இடப்பக்க மூலையைத் துரு அரித்துள்ளது. அதனைச் சுரண்டித் துருத்தடைப் பூச்சு இட்டுள்ளோம். அடுத்த கோடையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். விரிப்பின் நாற்றமும் முற்றும் நீங்கவில்லை. எனினும் வண்டி இரும்புக்கடைக்குச் செல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் பெருமழை பெய்தபோது மாமனார் எம்மைத் திண்ணைக்கு அழைத்து வண்டியைக் காட்டினர். நான்கு சக்கரங்களின் அருகிலும் நான்கு நீர்த்தாரைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. பாட்டியார் கதவைத் திறந்து இருக்கையைத் தடவிப் பார்த்து, “உள்ளே உலர்ந்திருக்கிறது” என்றனர். அன்றிரவு மாமனார் இருமுறை சோறு கேட்டு உண்டனர்.