வலியை மறைக்க வேண்டாம்

அமெரிக்காவில் பணியின்போது கால் காயமடைந்த முன்னாள் படைவீரர்களின் ஊனச் சதவீதம் பெரும்பாலும் பாகைக் கணக்கில் முடிவாகிறது. முழங்கால் 45 பாகையோடு மடங்குவது நின்றால் 10 சதவீதம். 30 பாகை என்றால் 20. 15 பாகை என்றால் 30.

பரிசோதனை நாளில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கிக் காட்டிவிடுகிறார்கள். நட்டம் அவர்களுக்கே. வலி எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கணமே சொல்ல வேண்டும். வலி கூடும் நாள்களில் படியேற முடிகிறதா, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதும் பதிவாகட்டும். வலியால் வரும் இயக்கக் குறைவையும் கணக்கில் எடுக்கச் சொன்ன, 1995-ஆம் ஆண்டின் டெலூகா வழக்குத் தீர்ப்பு இதற்குத் துணை நிற்கிறது. மனைவியோ சக வீரரோ எழுதித் தரும் சாட்சியமும் செல்லும்.

சதவீதம் குறைவாக வந்தால் ஓராண்டுக்குள் மேல்பரிசீலனை கேட்கலாம். அதில் புதிய சான்று சேர்க்க முடியாது. புதிய மருத்துவச் சான்று கையில் இருந்தால் துணை மனுவே சரியான வழி. அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகள் இந்த மனுக்களைக் கட்டணமின்றித் தயாரித்துத் தருகின்றன.