லேபிள் அமைத்தலும் சிக்கனமான மென்பொருளும்

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், மஞ்சள் தூள், பனைவெல்லம் முதலியவற்றைத் தம் பெயரிலேயே புட்டியிலும் பையிலும் அடைத்து விற்கும் நிலக்கிழார்கள் இன்று பலராவர். லேபிள் விஷயத்தில் மட்டும் அவர்கள் பெரும்பாலும் அச்சுக்கூடத்தாரையே நம்பியிருக்கின்றனர். வரைந்த மூலக்கோப்பு அச்சுக்கூடத்தின் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த மகசூலில் விலையையோ எடையையோ மாற்ற வேண்டின் மீண்டும் கூலி. அச்சுக்கூடம் மாறினாலோ, முதலிலிருந்தே வேலை. ஆகவே மென்பொருளைத் தெரிந்தெடுக்கையில் அதன் விலையை மட்டும் நோக்குதல் போதாது. கோப்பு எவர் கையில் இருக்கும், அடுத்த ஆண்டும் செலவின்றித் திறக்குமா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

அச்சுக்கூடங்களில் வழங்குபவை கோரல் டிரா, அடோபி இல்லஸ்ட்ரேட்டர் முதலியன. இவை சிறந்த கருவிகளே. ஆயினும் அடோபி கம்பெனியார் 2013 முதல் தம் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் அளித்து வருகின்றனர். சந்தா நின்றால் கருவியும் நின்றுவிடும். ஆண்டிற்கு இரண்டு மூன்று லேபிள் வரைவோருக்கு இது, உழவில்லாத மாதங்களுக்கும் ஏர்மாட்டு வாடகை கொடுப்பதை ஒக்கும். திருட்டுப் பிரதிகளைச் சிலர் சிபாரிசு செய்வதுண்டு. அவை சட்டத்திற்கு மாறானவை; கணிப்பொறிக்கும் கேடு விளைவிக்கக் கூடியவை.

2003-ல் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெறலாம். வியாபாரத்திற்கும் தடையின்றி உபயோகிக்கலாம். எத்தனை கணிப்பொறிகளிலும் நிறுவ அனுமதி உண்டாதலால், ஒரு கிராமத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் அங்கத்தினர் யாவருக்கும் இதைக் கொண்டே வேலை செய்து கொடுக்கக்கூடும். சித்திரம் கோடுகளாகவே சேமிக்கப்படுவதால், சிறு புட்டிக்கு வரைந்ததைச் சாக்கிற்குப் பெரிதாக்கினும் ஓரங்கள் மங்கா. புகைப்படத்தைச் செப்பனிட ஜிம்ப் உதவும். இங்க்ஸ்கேப்பின் குறை நிறத்தில் உள்ளது. அது திரைக்குரிய மூன்று ஒளிநிறங்களைக் கொண்டே பெரிதும் இயங்குகிறது. பெரிய அச்சியந்திரத்திற்கோ நான்கு மைகள் தேவை. அத்தகைய வேலைக்குச் சித்திரத்தை ஸ்கிரைபஸில் சேர்த்து, நிறங்களை நான்கு மைக்கு மாற்றிப் பி.டி.எஃப். கோப்பாக்குதல் நலம். இதுவும் இலவசமே.

செல்பேசியிலேயே வேலை செய்ய விரும்புவோர் கான்வாவை நாடுகின்றனர். விரைவில் பழகலாம், சில படங்களுக்குக் கட்டணமும் உண்டு. ஆனால் அதிலுள்ள ஆயத்தப் படங்களைப் பிறரும் எடுத்தாள்வர். அவற்றைக் கொண்டு அமைத்த குறியை வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்து தமக்கே உரியதாக்கிக்கொள்ள அதன் விதிகள் இடந்தரா.

தமிழெழுத்தே மிக்க கவனத்திற்குரியது. ‘ணெ’ என்பதில் கொம்பு முன்னே தோன்றினும், யூனிகோட் முறையில் அது மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படும். அதை முன்னே நிறுத்துவது மென்பொருளின் கடமை. அத்திறனற்ற மென்பொருளில் ‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லே சிதைந்துவிடும். ஆதலால் எதையும் கைக்கொள்ளுமுன் நல்லெண்ணெய், கொத்துமல்லி, தேங்காய் ஆகிய மூன்று சொற்களை அதில் எழுதிப் பார்க்கவேண்டும். இங்க்ஸ்கேப் இவற்றைச் சரிவரக் காட்டும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பு காட்டாது, 1.6 காட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அமைத்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். எனவே அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துக்களைக் கோட்டுருவாக மாற்றிவிடவேண்டும். திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவில் சிறிது முன்யோசனை செலவைக் குறைக்கும். 60 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் உயரமும் உள்ள லேபிளுக்கு, வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாதிருக்க நாற்புறமும் 3 மில்லிமீட்டர் மிகை விட்டாலும் ஏ4 தாளில் 9 அடங்கும். நூறு புட்டிகளுக்கு 12 தாள்கள் போதும். அகலத்தை 65 மில்லிமீட்டராக்கினாலோ, நேராக வைத்தால் 6, குறுக்காக வைத்தால் 8 மட்டுமே அடங்கும்.

உணவுப் பொருளாயின், 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குவிதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும்; தமிழை அவற்றுடன் சேர்க்கலாம், தமிழ் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண், சைவப் பொருளுக்குரிய பச்சைக் குறி, நிகர எடை, தயாரித்த தேதி, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை ஆகியவற்றிற்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகே அலங்காரத்தைத் தொடங்கவேண்டும். எண்களின் குறைந்தபட்ச உயரத்தையும் விதிகள் வரையறுத்துள்ளன. அலங்காரத்தை முடித்தபின் எண்களை மூலையில் நெருக்கித் திணிப்பது அநேகருடைய வழக்கம். அவ்வாறு அச்சான லேபிள் ஆட்சேபிக்கப்பட்டால் தாட்கள் முழுவதும் வீணாகும். தொகுதி எண்ணும் தேதியும் ஒவ்வொரு முறையும் மாறுவன. ஆதலின் அவற்றிற்கு வெற்றிடம் விட்டு, பின்னர் அழியா மையில் முத்திரையிடலாம்.

முதல் தாளைச் சாதாரணக் காகிதத்தில் அசல் அளவிலேயே அச்சிட்டு, வெட்டி, நிறைத்த புட்டியில் சுற்றிப் பார்த்து, வீட்டில் வயது முதிர்ந்த ஒருவரை வாசிக்கச் சொல்லியபின் ஒட்டுக் காகிதத்தை வாங்கலாம்.